நாலு நிமிடப் பாட்டில் 90,000 கெடு! தெரியுமா?

விண்டோஸ் 95 வந்த காலத்தில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு சின்ன இசை ஒலிக்குமே, நினைவிருக்கிறதா? ஆறே வினாடி! மணி தட்டியது போலத் தொடங்கி, பனி போலக் கரைந்துவிடும். அதை அமைத்தவர் பிரையன் ஈனோ. அந்த ஆறு வினாடிக்காக அவர் செய்து பார்த்த துண்டுகள் மட்டும் 84! சரி, அதை எந்தக் கம்ப்யூட்டரில் அமைத்தார் தெரியுமா? மேக்கில்! மைக்ரோசாஃப்ட் வீட்டு வாசலில் அடித்த மணி, ஆப்பிள் வீட்டில் வார்த்தது. பல ஆண்டு கழித்து பி.பி.சி. வானொலியில் அவரே இதைச் சொன்னார்.

வீட்டிலேயே பாட்டு செய்ய வேண்டும், எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம், மேக்கா விண்டோஸா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் இந்த ஆறு வினாடிதான் ஞாபகம் வரும். கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். எதில் செய்தது என்று ஒருவர் காதுக்கும் தெரியவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் செய்கிற ஒரு தப்பு மட்டும் எல்லோர் காதுக்கும் பளிச்சென்று தெரிந்துவிடும். அது என்ன தப்பு? வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம், வாருங்கள்!

கம்ப்யூட்டர் பிறந்த கையோடு பாட ஆரம்பித்துவிட்டது, தெரியுமா? 1951-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டு நின்றது ஃபெராண்டி மார்க் 1. கணித மேதை ஆலன் டூரிங் வேலை பார்த்த இடம். அந்த இயந்திரத்தில் ஒரு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். எதற்கு? இசைக்காக இல்லை, வேலை முடிந்தது என்று ஆட்களைக் கூப்பிட! குறிப்பிட்ட ஒரு கட்டளையைக் கொடுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதையே வினாடிக்குச் சில நூறு தடவை கொடுத்தால்? டிக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சுரமாகிவிடும்! கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற பள்ளிக்கூட வாத்தியார் அதை வைத்து இங்கிலாந்தின் தேசிய கீதத்தையே பாட வைத்துவிட்டார். பி.பி.சி. வந்து அதை ஒலிப்பதிவும் செய்தது. 2016-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் அந்தப் பழைய தட்டைச் சுத்தம் செய்து, சரியான சுருதியில் மீட்டெடுத்தார்கள். இன்றும் கேட்கலாம்! கிட்டத்தட்ட அதே காலத்தில் ஆஸ்திரேலியாவிலும் சி.எஸ்.ஐ.ஆர்.ஏ.சி. என்ற கம்ப்யூட்டர் பாடியது. ஐயோ, அதைப் பதிவு செய்யத்தான் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், ஐ.பி.எம். இயந்திரம் ஒன்று மனிதக் குரலைப் போலவே 'டெய்ஸி பெல்' பாட்டைப் பாடியது. ஆண்டு 1961. பின்னணி இசைக்குப் பொறுப்பு, கம்ப்யூட்டர் இசையின் தந்தை என்று கொண்டாடப்படும் மேக்ஸ் மேத்யூஸ். அங்கே போயிருந்தபோது அதைக் கேட்டு அசந்துபோனவர்களில் ஒருவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். ஆமாம், இலங்கையில் குடியேறி, கடைசி மூச்சு வரை அங்கேயே வாழ்ந்தாரே, அவரேதான்! அவர் சேர்ந்து எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் ஹால் என்ற கம்ப்யூட்டர் அணைந்துகொண்டே அதே பாட்டைப் பாடுவது அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது கொஞ்சம் நம் மேஜைக்கு அருகில் வருவோம். 1985-இல் அடாரி எஸ்.டி. என்று ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் வேகம் 8 மெகாஹெர்ட்ஸ். அடுத்த ஆண்டு வந்த பெரிய மாடலில் ரேம் எவ்வளவு தெரியுமா? 1 எம்.பி.! இன்று லேப்டாப்பில் 16 ஜி.பி. இருக்கிறதென்றால், அது அந்த அடாரியைப்போல் 16,384 மடங்கு. அந்த 1 எம்.பி.யில் என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? ஃபேட்பாய் ஸ்லிம் 1998-இல் உலகத்தையே ஆட வைத்த தன் ஆல்பத்தின் தாளக்கட்டு மொத்தத்தையும் அடாரியில்தான் கோத்தார்! ஸ்காட்லாந்துக்காரர் கால்வின் ஹாரிஸ், 2007-இல் வந்த தன் முதல் ஆல்பத்தைச் செய்தது அதைவிட ஆச்சரியம்: அமிகா! அதை விற்ற கொமடோர் கம்பெனி 1994-இலேயே மூடிவிட்டது. கம்பெனி போய் 13 ஆண்டு கழித்து, அதன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஹிட் ஆல்பம்!

அடாரியை ஏன் இசைக்காரர்கள் அப்படிப் பிடித்துக்கொண்டார்கள்? இரண்டு காரணம். மிடி என்று ஒன்று 1983-இல் வந்திருந்தது. அமெரிக்காவின் சீக்வென்ஷியல், ஜப்பானின் ரோலண்ட் என்ற இரண்டு போட்டிக் கம்பெனிகள் கைகோத்து, எந்தக் கம்பெனி கீபோர்டும் எந்தக் கம்பெனி கீபோர்டோடும் பேசலாம் என்று ஏற்படுத்திய பொதுமொழி. காசு கேட்காமல் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள்! அந்த மிடிக்கான துளைகள் அடாரியின் உடம்பிலேயே இருந்தன. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இரண்டாவது காரணம்தான் இந்தக் கட்டுரையே: அது நேரம் தவறாது. பின்னால் ஆயிரம் வேலை ஓடாது, வைரஸ் தேடாது, அப்டேட் கேட்காது. 'இந்தக் கணம் தட்டு' என்றால் அந்தக் கணம் தட்டும்.

வந்துவிட்டோம்! காதுக்குப் பளிச்சென்று தெரிகிற தப்பு அதுதான். தாமதம்!

கல்யாணப் பந்தி ஒன்றைக் கண்முன் கொண்டுவாருங்கள். இலையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஸ்பீக்கர். ஒரே வேகத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், ஒரு நொடியும் நிறுத்த மாட்டார். பரிமாறுகிறவர் ப்ராசஸர். ஒரு தடவை இலையில் வைக்கிற அளவுக்கு இசை சாஃப்ட்வேரில் ஒரு பெயர் உண்டு: பஃபர். வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்ற கணக்கில் ஒலி ஓடுகிறது, பஃபர் 128 என்று வைத்தால், ஒரு கை சோறு 2.67 மில்லி வினாடியில் காலி! அதற்குள் அடுத்த கை வந்தாக வேண்டும். வினாடிக்கு 375 தடவை. நாலு நிமிடப் பாட்டுக்கு 90,000 தடவை! தொண்ணூறாயிரம் கெடு, ஒவ்வொன்றும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் கெடு. 89,999 தடவை சரியாக வந்து ஒரே ஒரு தடவை தவறினாலும் இலை காலி. காதில் 'டப்' என்று ஒரு வெடிப்பு. நல்ல பாட்டின் நடுவில் அரிசியில் கல் கடித்த மாதிரி!

அந்த 2.67 மில்லி வினாடிக்குள் என்னதான் செய்துவிட முடியும் என்று தோன்றுகிறதா? 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் ஒன்று அந்த இமைப்பொழுதுக்குள் 80 லட்சம் தடவை துடிக்கிறது. எண்பது லட்சம்! அதற்குள்தான் உங்கள் குரலில் எதிரொலி சேர்த்து, டிரம்மை அழுத்தி, வயலினை எழுப்பி, எல்லாவற்றையும் கூட்டி வெளியே தள்ளுகிறது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மேனி சிலிர்க்கும்.

அப்படியானால் இலையில் ஒரேயடியாகக் குவித்துவிட்டால் என்ன? பஃபரை 1,024 என்று வைத்தால் பரிமாறுகிறவருக்கு 21 மில்லி வினாடி கிடைக்கும், நிதானமாக வரலாம். ஆனால் ரசம் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், குவித்த சாம்பார் சோறு தீரும் வரை காத்திருக்க வேண்டுமே! நீங்கள் கீபோர்டில் கட்டையை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் அந்த இடைவெளி விழுந்துவிடும். அதனால்தான் பாடிப் பதிவு செய்யும்போது பஃபரைக் குறைத்து, மிக்ஸிங் செய்யும்போது கூட்டி வைக்கிறார்கள்.

எவ்வளவு தாமதம் தாங்கும்? காற்றில் ஒலி ஒரு மில்லி வினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகிறது, தெரியுமா? மேடையில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருந்தால், அங்கேயே 6 மில்லி வினாடி தாமதம் ஆகிவிட்டது. அதில் யாருடைய தாளமும் தப்புவதில்லை. ஆகவே பத்து மில்லி வினாடிக்குள் இருந்தால் நிம்மதி. ஆனால் ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிவு செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள்! சாதாரணமாக அதில் 200 மில்லி வினாடி வரை தாமதம் ஆகும். கணக்குப் போட்டால் 68 மீட்டர். ஒரு சர்வதேசக் கால்பந்து மைதானத்தின் அகலம்! அந்தக் கோட்டில் மிருதங்கம், இந்தக் கோட்டில் நீங்கள். எப்படிப் பாடுவீர்கள்? கம்பி வைத்த ஹெட்போன்தான் வேண்டும்.

இனி கடைக்குப் போகலாம். 'எட்டு கோர், பத்து கோர், பதினாறு கோர்' என்று விற்பனையாளர் அடுக்குவார். கோர் என்றால் பரிமாறுகிற ஆட்கள். ஆள் கூடினால் பந்தி வேகமாக நடக்கும்தானே? பத்து இலை இருந்தால் நடக்கும். ஒரே இலையில்? பருப்புக்குப் பின் சாம்பார், சாம்பாருக்குப் பின் ரசம் என்றுதான் வந்தாக வேண்டும், பத்து பேர் ஒரே நேரத்தில் பரிமாற முடியாது! உங்கள் குரல் ட்ராக்கில் ஈக்யூ, அதற்குப் பின் கம்ப்ரஸர், அதற்குப் பின் ரிவர்ப் என்று ஒலியை மாற்றும் ப்ளக்-இன் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள். அந்த வரிசை முழுவதையும் ஒரே கோர்தான் ஓட வேண்டியிருக்கும். ஆகவே கோர் எத்தனை என்று கேட்பதற்கு முன், ஒற்றைக் கோரின் வேகம் எப்படி என்று கேளுங்கள். விலை நடுத்தரமான புதிய ப்ராசஸர் ஒன்று, ஐந்தாறு ஆண்டுக்கு முன் வந்த பெரிய ப்ராசஸரை இந்த விஷயத்தில் முந்திவிடுவது சர்வசாதாரணம்.

கிராஃபிக்ஸ் கார்டு? வீடியோ கேமுக்கு உயிர், பாட்டுக்கு வேலையே இல்லை! விரல் விட்டு எண்ணக்கூடிய சில ப்ளக்-இன்கள் தவிர எதுவும் அதைத் தொடுவதில்லை. ஆனால் அது சூடாகும், சூட்டைத் தணிக்க ஃபேன் சுற்றும், ஃபேன் இரைச்சலை உங்கள் மைக் ஆசையாக வாங்கிக்கொள்ளும். வீட்டில் பதிவறை, கம்ப்யூட்டர் அறை என்று இரண்டு இருக்காது. ஒரே அறை, ஒரே மேஜை. சத்தமில்லாத கம்ப்யூட்டர் என்பதே பாதி ஸ்டுடியோ என்பேன். 2020-இல் வந்த எம் 1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, தெரியுமா? விண்டோஸ் பக்கம் இருப்பவர்கள் கடையிலேயே லேப்டாப்பைப் பத்து நிமிடம் பாரமான வேலையில் ஓடவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்றும் வெட்கப்பட வேண்டாம், இசைக்கு வாங்குகிறவர் காதால்தான் வாங்க வேண்டும்.

விண்டோஸுக்கு இன்னொரு சங்கதி. அதன் சாதாரண ஒலிப்பாதை எல்லா மென்பொருளின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிற பாதை, சுற்றுவழி, தாமதம். அதைத் தாண்டி மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு நேராகப் போக ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-இல் போட்ட புறவழிச்சாலைதான் ஏசியோ. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது சொந்த ஏசியோ டிரைவர் உண்டா என்று பாருங்கள். மேக்கில் இந்தக் கவலை இல்லை, கோர் ஆடியோ உள்ளேயே வருகிறது. அப்புறம், எல்லாம் சரியாக இருந்தும் 'டப் டப்' வருகிறதா? வைஃபையை அணைத்துப் பாருங்கள்! பல நேரம் குற்றவாளி அதன் டிரைவர்தான். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் யார் பந்தியைத் தடுத்தது என்று பேர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும்.

மேக்கா விண்டோஸா என்பதற்கு உண்மையில் ஒரே ஒரு இடத்தில்தான் பதில் இருக்கிறது. லாஜிக் என்ற இசை மென்பொருள் வேண்டுமா, மேக்தான். அந்த லாஜிக் ஒரு காலத்தில் விண்டோஸிலும் ஓடியது, தெரியுமா? 2002-இல் ஆப்பிள் அதைச் செய்த கம்பெனியையே வாங்கியது, விண்டோஸ் கதவைச் சாத்திவிட்டது! ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்துவதும் லாஜிக்தான். அவருடைய பஞ்சதன் ஸ்டுடியோவும் 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லையில் தொடங்கியது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கியூபேஸ், ஏபிள்டன் லைவ், எஃப்.எல். ஸ்டுடியோ, ப்ரோ டூல்ஸ் எல்லாம் இரண்டிலும் ஓடும்.

வினாடிக்கு 48,000 சாம்பிள் என்றேனே, சி.டி.யில் அது 44,100. அது என்ன விசித்திரமான எண்? மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வேண்டும், அது சரி. ஆனால் அந்த 4,100? வீடியோ டேப்! அன்று டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். படத்தின் ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், பயன்படும் கோடுகள் 245, வினாடிக்கு 60 புலம் (ஃபீல்டு). பெருக்கிப் பாருங்கள்: 44,100! ஐரோப்பிய முறையில் 3, 294, 50. பெருக்கினால் அதே 44,100! இரண்டு கண்டத்து டி.வி.க்கும் பொருந்திய ஒரே எண் இன்றைக்கும் நம் போனில் பாடிக்கொண்டிருக்கிறது.

ரேமுக்கும் டிஸ்க்குக்கும் வருவோம். வெறும் குரலும் கிட்டாரும் பதிவு செய்ய எவ்வளவு வேகமான டிஸ்க் வேண்டும்? 24 ட்ராக் ஒரே நேரத்தில் ஓடினாலும் வினாடிக்கு சுமார் மூன்றரை எம்.பி.தான்! பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கே வினாடிக்கு 100 எம்.பி. படித்துவிடும். அப்புறம் எதற்கு எஸ்.எஸ்.டி.? சாம்பிள்களுக்கு, அதாவது முன்பே பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகளுக்கு! பி.பி.சி. சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒவ்வொரு சுரமாக லண்டனின் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவு செய்து ஸ்பிட்ஃபயர் ஆடியோ என்ற கம்பெனி வெளியிட்டிருக்கிறது. முழுத் தொகுப்பின் அளவு சுமார் 600 ஜி.பி.! அதையே 200 எம்.பி.யில் அடக்கிய குட்டிப் பதிப்பும் உண்டு.

சரி, 600 ஜி.பி.யை 16 ஜி.பி. ரேமுக்குள் எப்படித் திணிப்பது? திணிப்பதில்லை! இதுதான் எனக்கு மிகப் பிடித்த தந்திரம். ஒவ்வொரு சுரத்தின் முதல் துளியை மட்டும் ரேமில் வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் கட்டையை அழுத்தியதும் அந்தத் துளி ஒலிக்கத் தொடங்கும். அது தீர்வதற்குள் மிச்சத்தை டிஸ்க்கிலிருந்து ஓடிப்போய் எடுத்து வந்துவிடும்! முதல் கரண்டி இலையில் விழுந்த நேரத்தில் அடுக்களையிலிருந்து அடுத்த வாளி வந்துவிட்ட கதை. 1998-இல் வந்த கிகாசாம்பிளர் என்ற மென்பொருள் இதைச் செய்து காட்டியபோது இசை உலகம் வாயைப் பிளந்தது. சுழலும் டிஸ்க்கின் முள் ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் மாறித் தேட வேண்டும், எஸ்.எஸ்.டி.யில் முள்ளே இல்லை. ஆகவே பீட், குரல், கிட்டார் என்றால் 8 ஜி.பி. ரேமிலும் ஓட்டிவிடலாம், 16 இருந்தால் மூச்சு விடலாம். ஆர்க்கெஸ்ட்ரா ஆசை இருந்தால் 32. ஒன்று கவனியுங்கள்: இன்றைய மேக்கிலும் பல மெல்லிய லேப்டாப்களிலும் ரேமை பின்னால் கூட்டவே முடியாது, வாங்கும்போது வாங்கியதுதான். டிஸ்க்கை வெளியில் மாட்டிக்கொள்ளலாம். காசு ஒரு பக்கம்தான் போகும் என்றால் ரேமுக்குப் போகட்டும்.

அதிவேக யூ.எஸ்.பி. வேண்டுமே என்று பயப்படுகிறீர்களா? இரண்டு உள்ளே இரண்டு வெளியே போகும் இன்டர்ஃபேஸை உச்ச தரமான 192 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினாலும் வினாடிக்கு 18 மெகாபிட்தான். 2000-ஆம் ஆண்டில் வந்த பழைய யூ.எஸ்.பி. 2 தருவது 480! இன்று விற்கும் இன்டர்ஃபேஸ்களில் பல, பார்க்கப் புதிய சி வகைத் துளையோடு வந்தாலும், உள்ளே ஓடுவது அதே யூ.எஸ்.பி. 2 தான்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். புது லேப்டாப், நல்ல மைக், எல்லாம் வைத்தும் பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் அடிநாதம். மைக்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், இரண்டு வாரம் தூக்கமில்லை. ஒரு நாள் மின்சாரம் போனது. இன்டர்ஃபேஸ் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது, 'ம்ம்ம்' மட்டும் நின்றுவிட்டது! வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அலைகிறது, அந்த 50 ஹெர்ட்ஸ்தான் மைக்கில் பாடிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரி செய்தார், எல்லாக் கருவியையும் ஒரே போர்டில் மாட்டினேன், போயே போய்விட்டது. இரைச்சல் போகட்டும் என்று மூன்றாவது பின்னை உடைத்துவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து! கம்ப்யூட்டருக்கு எவ்வளவோ செலவழிக்கிறவர்கள் சுவரில் இருக்கிற அந்தத் துளையையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள்.

இவ்வளவும் வேண்டுமா, கையில் இருப்பதே போதுமா என்று கேட்டால், ஸ்டீவ் லேசியைக் கேளுங்கள்! கலிஃபோர்னியா இளைஞர், ஐபோனில் கிட்டாரைச் சொருகி, அதிலிருந்த கராஜ்பேண்டில் பாட்டு கட்டியவர். அவர் அப்படிக் கட்டிய இசை ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'டேம்ன்' ஆல்பத்தில் ஒரு பாட்டாக வந்தது. 2018-இல் அந்த ஆல்பம் புலிட்சர் பரிசு பெற்றது! ஜாஸும் செவ்வியலும் தவிர்த்த ஓர் ஆல்பத்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம்? லாஸ் ஏஞ்சல்ஸில் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில், லாஜிக்கில். 2020 கிராமி விழாவில் முக்கியமான நான்கு விருதுகளையும் ஒரே இரவில் அள்ளினார்கள். அப்போது பில்லிக்கு வயது 18! ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாட்டில் தட்டுகிற அந்தத் தாளம்? கராஜ்பேண்டில் எல்லோருக்கும் இலவசமாக வருகிற டிரம் துண்டு!

ஆகவே இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். வின்ஆம்ப் ஞாபகம் இருக்கிறதா, எம்.பி. 3 காலத்தில் எல்லோர் கம்ப்யூட்டரிலும் பாடியதே? அதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கெல்தான் பின்னால் ரீப்பரை எழுதினார். மிகச் சிறிய மென்பொருள், 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் அதைப் போடுங்கள். இன்டர்ஃபேஸ் இல்லாத விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு, பஃபரை 128-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு ட்ராக், அதில் ஒரு கம்ப்ரஸர், ஒரு ரிவர்ப். ஓடவிட்டுக் கேளுங்கள். அதையே நகலெடுங்கள். இன்னொன்று. இன்னொன்று. 'டப்' என்று வெடிக்கிற வரை கூட்டிக்கொண்டே போய் எண்ணுங்கள். பத்துக்குள் வெடித்தால் மேலே சொன்னதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள். முப்பதைத் தாண்டியும் அது பாட்டுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறதா? கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்த பணத்தில் நல்ல மைக் ஒன்றும் கம்பி வைத்த ஹெட்போன் ஒன்றும் வாங்கிக்கொண்டு, நாளைக்கே பாட ஆரம்பிக்கலாம்!